காட்டின் கடிகாரம்
முதுமலை – பந்திப்பூர் குடும்பப் பயணத்துக்கு ஒரு திட்டம்

கோடை விடுமுறை நெருங்கியதும் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "இவ்வாண்டு எங்கே போகலாம்?" என்பதே. வேளாங்கண்ணிக்கு ஆண்டுதோறும் போகிறோம். உறவினர் வீடுகளையும் ஒரு சுற்று பார்த்தாயிற்று. யானையையும் புலியையும் படத்தில் மட்டுமே கண்ட பிள்ளைகளோ, அவற்றை அவை வாழும் இடத்திலேயே காண வேண்டும் என்று கேட்கின்றனர். நியாயமான ஆசைதான். எனவே தமிழகத்துக் குடும்பம் ஒன்று, தன் காரிலோ வாடகை வேனிலோ, முதுமலை – பந்திப்பூர் காட்டுக்கு மூன்று நாள் பயணம் போய்வர எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பதை இம்மாதம் வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம்.

ஊர்ப் பயணத்துக்கும் காட்டுப் பயணத்துக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. ஊருக்கு நேரந்தவறிப் போய்ச் சேர்ந்தால் அத்தை கடிந்துகொள்வார், குழம்பு ஆறிப்போயிருக்கும், அவ்வளவுதான். காட்டுக்கு நேரந்தவறிப் போனால் வாயிற்கதவு அடைத்திருக்கும். காட்டுக்கென்று ஒரு கடிகாரம் இருக்கிறது. நம் கைக்கடிகாரத்தை அதனோடு பொருத்திக்கொள்வதே இப்பயணத் திட்டத்தின் முதல் வேலை.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். முதுமலை தமிழ்நாட்டிலும், பந்திப்பூர் கருநாடகத்திலும் உள்ளன. இரண்டுக்கும் பெயர்ப்பலகை வேறு, நுழைவுச் சீட்டு வேறு, காடு ஒன்றே. நடுவில் மாயாறு ஓடுகிறது. ஆற்றைக் கடக்கும் யானைக்கு இரு மாநிலங்களின் எல்லை தெரியாது. முதுமலை 1940-ஆம் ஆண்டிலேயே விலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 2007-இல் புலிகள் காப்பகமாயிற்று. வெளிவட்டப் பகுதியும் சேர்த்து இன்று அதன் பரப்பு 688 சதுர கிலோமீட்டர். பந்திப்பூர் ஒரு காலத்தில் மைசூர் மன்னர்களின் வேட்டைக்காடு. 1973-இல் புலிப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது நாட்டில் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது காப்பகங்களில் அதுவும் ஒன்று. அதன் பரப்பு ஏறத்தாழ 870 சதுர கிலோமீட்டர். இவற்றோடு கேரளத்தின் வயநாடும், வடக்கே நாகரகொளெயும், கிழக்கே சத்தியமங்கலமும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் என்று 1986-இல் அறிவிக்கப்பட்ட 5,520 சதுர கிலோமீட்டர்ப் பரப்பின் நடுப்பகுதியில்தான் நாம் செல்லப்போகிறோம்.

இத்துணைப் பெரிய காட்டின் ஊடே தேசிய நெடுஞ்சாலை ஒன்று போகிறது. கோவையிலிருந்து உதகை, கூடலூர், தெப்பக்காடு, பந்திப்பூர் வழியாகக் குண்டுலுப்பேட்டையை அடையும் சாலை அது. இச்சாலையில் காட்டுக்குள் செல்லும் பகுதி இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அடைக்கப்படுகிறது. பயணத்தாளின் உச்சியில் இந்த இரண்டு எண்களைத்தான் முதலில் எழுத வேண்டும்.

ஏன் இந்தத் தடை என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். இரவில் காட்டுச் சாலைக்கு விலங்குகள் வருவதற்குக் காரணங்கள் உண்டு. சாலையோரத்தில் மரநிழல் குறைவாதலால் புல் செழித்து வளர்கிறது. மான்கள் மேய வருகின்றன. மான்களைத் தேடிச் சிறுத்தை வருகிறது. யானைகள் நீர்நிலைக்குப் போகும் வழியில் சாலையைக் கடக்கின்றன. விரைந்து வரும் ஊர்தியின் விளக்கொளி கண்ணில் விழுந்ததும் மான் ஓடுவதற்குப் பதிலாகத் திகைத்து நின்றுவிடுகிறது. பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வாறு அடிபட்டு மடிந்த விலங்குகளின் பட்டியல் நீண்டுகொண்டே போனதால் 2009-ஆம் ஆண்டில் சாமராஜநகர் மாவட்ட நிருவாகம் இரவுப் போக்குவரத்தைத் தடை செய்தது. சரக்குப் போக்குவரத்து கெடுகிறதே என்று எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் நடந்தது. 2010-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கருநாடக உயர் நீதிமன்றம் தடையை நிலைநிறுத்தியது. பின்னர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆம்புலன்சு போன்ற அவசர ஊர்திகளுக்கும், குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு உண்டு. "குழந்தைகள் இருக்கிறார்கள், ஐந்தே நிமிடந்தான் தாமதம்" என்று சாவடியில் மன்றாடுவோர் இன்றும் உளர். அவர்களுக்காகக் கதவு திறப்பதில்லை; திறக்காதிருப்பதே நல்லது என்பது நம் கருத்து.

ஆகவே, போய்ச் சேர வேண்டிய நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். தெப்பக்காட்டை மாலை 4 மணிக்குள் அடைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கோவையிலிருந்து உதகை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். உதகையிலிருந்து கூடலூர் 50. அங்கிருந்து தெப்பக்காடு 20-க்குள். ஆக 155 கிலோமீட்டர். சமவெளியில் இது மூன்று மணி நேரப் பயணம். மலையில் அப்படியன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுவதற்குள் பதினான்கு கொண்டையூசி வளைவுகள். மூன்றாவது வளைவில் சின்னவளுக்குக் குமட்டும்; ஏழாவது வளைவில் பெரியவனுக்கும் குமட்டும். வண்டியை ஓரங்கட்டி, முகங்கழுவி, எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்து மீண்டும் புறப்பட வேண்டும். பாட்டியும் உடன் வந்தால் இரண்டு இடங்களிலேனும் இறங்கி நடக்க வழி செய்ய வேண்டும். எனவே குடும்பத்தோடு போவோர் ஏழு மணி நேரம் என்று கணக்கிடுவதே மெய்யான கணக்கு. கோவையில் காலை 9 மணிக்காவது கிளம்பியாக வேண்டும். சென்னையிலிருந்து வருவோர் கோவைக்கே 500 கிலோமீட்டர் கடந்து வருகின்றனர். அவர்கள் முதல் நாளிரவு கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ தங்காமல் ஒரே மூச்சில் மலையேறுவது, ஓட்டுநரின் கண்களைச் சோதிப்பதாகும்.

கிளம்புமுன் முடிக்க வேண்டிய ஒரு காரியம் உண்டு. 2024-ஆம் ஆண்டு மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி, நீலகிரிக்குள் வரும் வெளிமாவட்ட ஊர்திகளுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 ஊர்திகள் என்று உச்ச வரம்பும் விதிக்கப்பட்டது. இவ்விதிகள் காலத்துக்குக் காலம் மாற்றப்படுகின்றன. உங்கள் பயண நாளுக்கு என்ன விதி என்பதை இரு வாரங்களுக்கு முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். கோடை நெரிசலின்போது குன்னூர் வழியே ஏறவும் கோத்தகிரி வழியே இறங்கவுமாக ஒருவழிப் போக்குவரத்தும் அமையும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு, தண்ணீர்ப் புட்டிகள் உட்பட, நீலகிரியில் தடை உண்டு. வீட்டிலிருந்து எவர்சில்வர் கூஜாவில் தண்ணீரும், வாழையிலையில் கட்டிய புளிச்சோறும் எடுத்துப்போகும் நம் பழைய வழக்கம் இவ்விதிக்கு முற்றிலும் பொருந்துகிறது!

உதகையிலிருந்து தெப்பக்காட்டுக்குப் போக இரண்டு வழிகள். ஒன்று பைக்காரா, நடுவட்டம், கூடலூர் வழி. மற்றொன்று கல்லட்டி, மசினகுடி வழி. வரைபடத்தைப் பார்ப்பவர், கல்லட்டி வழி முப்பது கிலோமீட்டருக்கு மேல் குறைகிறதே என்று மகிழ்ந்துபோவார். மகிழ வேண்டாம். முப்பத்தாறு கொண்டையூசி வளைவுகள் கொண்ட செங்குத்தான இறக்கம் அது. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த எழுவர் சென்ற கார் அங்கே பள்ளத்தில் உருண்டு, இரண்டு நாட்கள் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது, ஐவர் உயிரிழந்தனர். அதன்பின் வெளியூர் ஊர்திகள் அவ்வழியே இறங்குவதற்குக் கட்டுப்பாடு வந்தது. கூடலூர் வழியே இறங்குங்கள். அதிலும் ஒரு விதியை ஓட்டுநர் மறக்கலாகாது: எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். வளைவுகளில் ஏறிவரும் வண்டிக்கே முதல் வழி.

கூடலூர் வழிக்கு நீளம் அதிகமாயினும் அழகும் அதிகம். தைல மரங்களும் புல்வெளிகளும் தேயிலைத் தோட்டங்களும் மாறி மாறி வந்து, நடுவட்டத்துக்கு அப்பால் ஊசிமலையிலிருந்து பார்த்தால் முதுமலைக் காடு கீழே விரிந்து கிடக்கும். வண்டியை நிறுத்தி, "நாம் போகப்போவது அங்கேதான்" என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு ஏற்ற இடம். இம்மலைகளுக்குப் பாதையே இல்லாத 1603-ஆம் ஆண்டில் பெனிச்சியோ என்ற இயேசு சபைக் குரு மலையாளக் கரையிலிருந்து கால்நடையாக ஏறிவந்து, தோடர் மக்களைச் சந்தித்துத் தாம் கண்டதை எழுதிவைத்தார். நாம் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும் மலை இது என்பதை நினைக்கையில் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

ஈரோடு, சேலம் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சத்தியமங்கலம், திம்பம், ஆசனூர், சாமராஜநகர் வழியும் உண்டு. இருபத்தேழு வளைவுகள் ஏறி, மற்றொரு புலிகள் காப்பகத்தின் நடுவே போகும் சாலை அது. சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் அங்கும் இரவுப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியது. கார்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை தடை. அச்சாலையில் காரப்பள்ளம் சாவடியருகே கரும்பு லாரிகளை வழிமறித்துக் கட்டுகளை உருவித் தின்னப் பழகிய யானைகள் பெயர்பெற்றவை. சிரிப்புக்குரிய செய்தியாகத்தான் பலரும் இதைச் சொல்கின்றனர். லாரிக்காரர்கள் இரக்கப்பட்டு எறிந்த கரும்பில் தொடங்கிய பழக்கம், குட்டிகளைச் சாலையோரத்திலேயே காத்து நிற்கப் பழக்கிவிட்டது. சாலையில் நிற்கும் குட்டிக்கு என்ன நேரக்கூடும் என்பதை நாம் மேலே கண்டோம். குரங்குக்கு எறியும் ஒரு வாழைப்பழமும் இதே வேலையைத்தான் செய்கிறது. பிள்ளைகள் ஆசையாய்க் கேட்டாலும் கார்க் கண்ணாடியை இறக்காதீர்கள்.

இனித் தங்குமிடம். திட்டத்தில் எல்லாவற்றினும் கவனமாக முடிவு செய்ய வேண்டியது இதுவே என்று நாம் எண்ணுகிறோம். மசினகுடியைச் சூழ்ந்த சீகூர்ச் சமவெளி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் வழி. ஒரு பக்கம் நீலகிரியின் செங்குத்துச் சுவர். மறுபக்கம் மாயாற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கு. யானைக்கு வேறு வழி இல்லை. அந்த வழியிலேதான் விடுதிகளும் மின்வேலிகளும் எழுந்தன. வழக்கு நடந்து, 2018-இல் பல விடுதிகள் முத்திரையிடப்பட்டன. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் யானைவழியை உறுதிப்படுத்தித் தீர்ப்பளித்தது. அதற்குச் சில மாதங்களுக்குப் பின், 2021 சனவரியில் ஒரு கொடுமை நடந்தது. ஏற்கெனவே முதுகில் காயம்பட்டு மசினகுடிப் பக்கம் திரிந்துகொண்டிருந்த ஆண் யானை ஒன்றின்மீது, உரிமம் பெறாத ஒரு தங்குவிடுதியிலிருந்து தீப்பற்றிய பொருளை எறிந்து விரட்டினர். எரியும் துணி காதில் சிக்கிக்கொள்ள, யானை பிளிறியபடி ஓடியது. சிகிச்சைக்காகத் தெப்பக்காட்டுக்குக் கொண்டுசெல்லும் வழியில் அது இறந்தது.

அந்த விடுதியில் அன்று தங்கியிருந்தவர்களும் நம்மைப்போல் விடுமுறைக்கு வந்த குடும்பங்களாகவே இருந்திருக்கக் கூடும். எனவே அறை பதிவு செய்யுமுன் கேளுங்கள்: உரிமம் உண்டா? இரவில் காட்டுக்குள் வண்டியில் அழைத்துப் போவதாக ஆசை காட்டுகிறார்களா? தீ மூட்டி, பாட்டுப்பெட்டி வைத்துக் கூத்தடிக்க இடம் தருகிறார்களா? இவற்றைப் பெருமையாகச் சொல்லும் இடம் எதுவாயினும் அதைத் தவிர்த்துவிடுங்கள். வனத்துறையின் ஓய்வு இல்லங்கள் தெப்பக்காட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ளன, எளியவை, முன்பதிவு தேவை. கிடைக்காவிட்டால் கூடலூரிலோ குண்டுலுப்பேட்டையிலோ தங்கிக் காலையில் காட்டுக்குள் வரலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை.

எந்தப் பருவத்தில் போவது? பள்ளி விடுமுறைதான் நம் கையைக் கட்டிப்போடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் இலையுதிர் காடு காய்ந்து கிடக்கும். தேக்கு மரங்கள் மொட்டையாய் நிற்கும். பார்வைக்கு வறட்சியாயினும், விலங்குகள் எஞ்சிய நீர்நிலைகளை நாடி வருவதால் காண்பதற்கு வாய்ப்பு அதிகம். ஆனால் தீயின் காலமும் அதுவே. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பல்லாயிரம் ஏக்கர் காடு எரிந்தது. காட்டைக் கவ்விப் படர்ந்திருக்கும் உண்ணிச்செடி, காய்ந்தால் எளிதில் பற்றிக்கொள்கிறது. வறட்சி கடுமையான ஆண்டுகளில் வனத்துறை பார்வையாளரை அனுமதிப்பதில்லை. தீ மட்டுமன்றி வேறு காரணங்களாலும் கதவு மூடப்படலாம்: 2025 நவம்பரில், புலி தாக்கி மக்கள் அடுத்தடுத்து இறந்தபோது, கருநாடக அரசு பந்திப்பூரிலும் நாகரகொளெயிலும் வனச் சுற்றுலா வண்டிகளை நிறுத்தியது. ஆதலால் புறப்படும் வாரத்தில் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்வது கட்டாயம். சூன் முதல் தென்மேற்குப் பருவமழை கூடலூர்ச் சாலையில் மண்ணைச் சரிக்கும். அக்டோபர், நவம்பரில் காடு பசுமையாக இருக்கும். புதர் அடர்ந்திருப்பதால் விலங்குகள் மறைந்தே நிற்கும். பத்து நாள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சனவரி முதல் வாரத்தை ஒதுக்கக்கூடிய குடும்பம் பேறுபெற்றது. குளிர் தாங்கக் கம்பளி மட்டும் வேண்டும்.

காட்டுக்குள் நுழைந்ததும் வண்டியின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். இறங்கலாகாது, நிறுத்தி உண்ணலாகாது, ஆரன் ஒலிக்கலாகாது. யானை சாலையில் நின்றால் தொலைவிலேயே நிற்க வேண்டும். கன்றோடு நிற்கும் தாய்க்கு இன்னும் கூடுதல் இடம் விட வேண்டும். அது காதுகளை விரித்து நம்மை நோக்கித் திரும்பினால், பின்வரும் வண்டிகளுக்குக் கைகாட்டி மெல்லப் பின்னோக்கி நகர வேண்டியதுதான். ஒரு யானை கடந்துவிட்டதே என்று உடனே வண்டியை எடுக்காதீர்கள். அதன் பின்னால் கூட்டமே வந்துகொண்டிருக்கலாம். 2025 ஆகஸ்டில் பந்திப்பூர்ச் சாலையில் ஒருவர் வண்டியை விட்டிறங்கி யானையருகே படமெடுக்க முனைந்தார். யானை துரத்திக் கீழே தள்ளி மிதித்தது. உயிர் பிழைத்தது வியப்பே. வனத்துறை அவருக்கு 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. நம் வீட்டு இளைஞர்களுக்குப் புறப்படுமுன்னரே இதைச் சொல்லிவையுங்கள். அங்கே போய்ச் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

தெப்பக்காட்டில் வனத்துறையின் வண்டிகள் காலையிலும் பிற்பகலிலும் காட்டுக்குள் அழைத்துச் செல்கின்றன. அங்கே என்ன காண்போம்? புலியைக் காண்போம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். இந்தியாவிலேயே புலிகள் மிகுந்த காடுகளில் இதுவும் ஒன்றாயினும், பலமுறை வந்தும் புலியைக் காணாதவர்களே மிகுதி. புலிக்காக மட்டும் காத்திருக்கும் பிள்ளை, கடமானின் காது அசைவதையும், காட்டுமாட்டின் வெள்ளைக் காலுறையையும், மரத்துக்கு மரம் தாவும் மலையணிலின் நீண்ட வாலையும் பார்க்காமலே திரும்பிவிடும். மந்தி மரத்தின்மேல் உட்கார்ந்து இலை பறித்து உதிர்க்கும். கீழே புள்ளிமான் அதைத் தின்னும். புலி வருவது தெரிந்தால் மந்தி மேலிருந்து குரல் கொடுக்கும், மான் கூட்டம் தலைநிமிரும். இந்த உடன்பாட்டை முன்கூட்டியே பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தால், மந்தி குரல் கொடுத்த நொடியிலேயே அவர்கள் மூச்சடக்கிக் காத்திருப்பார்கள். புலி வராவிட்டாலும் அந்தக் காத்திருப்பு வாய்க்கும்.

பயணத்தின் ஒரு மாலையை யானை முகாமுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக நடைபெறும் இம்முகாமில், காலையிலும் மாலையிலும் யானைகளுக்கு உணவளிப்பதைக் காணலாம். கேழ்வரகு, கொள்ளு, அரிசி ஆகியவற்றை வேகவைத்து, வெல்லமும் உப்பும் தேங்காயும் சேர்த்துப் பெரிய உருண்டைகளாகப் பிடித்து வாயில் ஊட்டுவார்கள். ஒவ்வொரு யானைக்கும் தனி அளவு. தாயைப் பிரிந்த ரகு என்ற குட்டியை இங்கே வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியரைப் பற்றிக் கார்த்திகி கோன்சால்வ்ஸ் எடுத்த ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கர் விருது பெற்றது. அதற்குப்பின் கூட்டம் பெருகிற்று. ஆனால் இங்குள்ள பாகர்களுள் பலர் தலைமுறை தலைமுறையாய் இக்காட்டில் வாழும் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் குடிகளைச் சேர்ந்தவர்கள் என்பது கூட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர்களிடம் பேசுங்கள். தங்கள் யானையின் குணத்தைக் கேட்டால் மகிழ்ந்து சொல்வார்கள். அனுமதி கேட்காமல் அவர்கள் வீடுகளைப் படமெடுக்க வேண்டாம். அவை காட்சிப் பொருள்கள் அல்ல.

சில்லறைக் குறிப்புகள் சில. கூடலூரிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் பல இடங்களில் கைப்பேசி வேலை செய்யாது. பெரியவர்களின் மருந்துகளை முன்பெட்டியில் வையுங்கள், மூட்டைக்கு அடியில் அன்று. பயணம் ஞாயிற்றுக்கிழமையை உள்ளடக்கினால் உதகையிலோ கூடலூரிலோ திருப்பலி நேரத்தை முன்னரே கேட்டுக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப அன்றைய காட்டுச் சுற்றினைப் பிற்பகலுக்கு மாற்றலாம். ஒரு பங்கிலிருந்து இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போவதாயின் வண்டிகள் ஒன்றையொன்று முந்தாமல் வரிசையாய்ச் செல்லட்டும்.

மூன்றாம் நாள் மைசூர் வழியே திரும்ப எண்ணுவோர், தெப்பக்காட்டிலிருந்து கக்கநல்லா சாவடியைக் கடந்து பந்திப்பூர் வழியே குண்டுலுப்பேட்டைக்குச் செல்ல ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் அடிக்கடி வேகத்தடைகள் இருக்கும், சலித்துக்கொள்ள வேண்டாம். மைசூரைச் சுற்றிப் பார்த்துவிட்டு அதே வழியில் இரவோடிரவாகக் கூடலூருக்குத் திரும்பிவிடலாம் என்று யாரேனும் வண்டிக்குள் சொன்னால், பயணத்தாளின் உச்சியில் எழுதிய அந்த இரண்டு எண்களைக் காட்டுங்கள்.